பதினைந்து நாள் மௌனம்

இரண்டு மணிக் கூட்டத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதற்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது, டப்பாவில் தக்காளி சாதம் திறக்காமல் இருக்கிறது, நான் நாலாவது மாடியில் போன் பேசுவதற்கென்று கட்டிவிட்டிருக்கும் இந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மடியில் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாக்கியத்தை முதலாளி ஜெகன் சார் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்: மென்பொருள் வடிவமைத்தபடிதான் வேலை செய்திருக்கிறது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, வடிவமைத்தவளே நான்தான், இந்த மங்கையர்க்கரசிதான், ஆபீசில் மங்கை மேடம். காகிதத்தில் நாற்பத்தொரு பெயர். சப்போர்ட்டில் இருக்கும் ஷாகுல் அச்சடித்து, "மேடம், இதக் கொஞ்சம் பாருங்க" என்று என் மேஜையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். உடுமலை பக்கம் ஓர் இல்லம். உடம்பு வளர்ந்து மனசு வளராமல் போன பிள்ளைகளுக்கானது, பிள்ளைகள் என்றால் முப்பது வயது, நாற்பது வயது, அப்பா அம்மாவுக்கு முடியாமல் போகும்போது கொண்டுவந்து விடுகிற இடம். ஐம்பது கட்டில். அங்கிருக்கும் யாராவது இறந்தால்தான் ஒரு கட்டில் காலியாகும், வேறு வழியே கிடையாது, வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள் யாரும் இல்லை. காத்திருப்போர் பட்டியலை எங்கள் மென்பொருள்தான் பார்த்துக்கொள்கிறது. இந்த நாற்பத்தொரு பேரும் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள், இப்போது இல்லை. யாரும் அவர்களை எடுக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் எல்லோருக்கும் ஒரு மெசேஜ் அனுப்பி இன்னும் இடம் வேண்டுமா என்று கேட்கும், பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் பெயரைத் தானே எடுத்துவிடும். எடுத்துவிட்டேன் என்று யாருக்கும் சொல்லாது. சொல்லச் சொல்லி நான் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் இவர்கள் பட்டியலில் இல்லாமலே இன்னமும் காத்துக்கொண்டிருக்கிறார்கள், வருடக்கணக்காக. மூன்றாவது பெயர் சிவப்பிரகாசம், வயது முப்பத்து நாலு, தகப்பனார் நாச்சிமுத்து, வெள்ளகோவில் பக்கம். இரண்டு மணிக்குள் இந்த ஒரு எண்ணை மட்டும் கூப்பிட்டுவிட வேண்டும். வேறு இடம் கிடைத்துவிட்டதம்மா, அதனால்தான் பதில் போடவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் எனக்குப் போதும், வாக்கியத்தை நல்ல மனசோடு சொல்லிவிட்டு ஆறிப்போன சாதத்தைச் சாப்பிடுவேன்.

கூப்பிடவில்லை. கூண்டுக்கு வெளியே மைக்ரோவேவ் முன்னால் ஏழு பேர் டப்பாவோடு நிற்கிறார்கள், யாரோ மீன்குழம்பைச் சூடு பண்ணிவிட்டார்கள், கதவிடுக்கு வழியாக வாசனை உள்ளே வருகிறது. அந்த ஏழு பேரையும் பார்த்தவுடன் என் புத்தி தன் வேலையை ஆரம்பித்துவிட்டது: காத்திருப்பவர் யார், எதற்காக, எப்போதிலிருந்து, எதுவரை. இந்த நான்கு கேள்விதான் எங்கள் மென்பொருளில் நான் செய்த பாகம். இருபது வருடத்துக்கு முன்னால், இருபத்தேழு வயதில், உலகத்தில் காத்திருப்பது என்ற ஒன்று எங்கே நடந்தாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும் என்று கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டேன். அதில் நாலாவது கேள்விக்காகத்தான் சண்டை போட்டேன். எதுவரை என்பதெல்லாம் தேவையா, இடம் கிடைக்கும்வரை காத்திருப்பார்கள், அவ்வளவுதானே என்றார்கள் மற்றவர்கள். எனக்கு விஷயம் தெரியும், நான் போய் உட்கார்ந்து பார்த்தவள். அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் வேலை செய்தோம், ஒரு தொழிலை மென்பொருளாக்க வேண்டுமென்றால் அந்தத் தொழில் நடக்கும் இடத்திலேயே போய் ஒரு வாரம் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது. எனக்கு வாய்த்தது அவினாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மண்டபத்துக்காரர் பொன்னுச்சாமி ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். நல்ல முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைக்காத வீட்டுக்காரர்கள், யாராவது விட்டுக்கொடுத்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று பெயர் கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் பேனாவை எடுத்துப் பாதிப் பெயரை அடித்துவிடுவார். ஒரு போன்கூடப் பண்ணிக் கேட்க மாட்டார். எப்படிங்க அடிக்கறீங்க என்று கேட்டேன். "அவங்களுக்கு வேற மண்டபம் கெடச்சிருக்குமுங்க" என்றார். சொல்ல மாட்டாங்களா? "வேண்டாங்கறதச் சொல்றதுக்கு நம்மூருல ஒருத்தனுக்கும் வாய் வராதுங்க அம்மணி. பேசாம இருந்துக்குவாங்க. நாமளாப் புரிஞ்சுக்கோணும்." மௌனம் சம்மதம் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருக்க, இல்லை, மௌனம்தான் மறுப்பு என்று ஒரு மனுஷன் நோட்டில் நிரூபித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குச் சிலிர்த்தே போயிற்று. பேசாதவர் வேண்டாம் என்கிறார். அதை அப்படியே கொண்டுவந்து பாகத்துக்குள் வைத்தேன்.

சிலிர்த்ததற்கு வேறு காரணமும் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு இரண்டு வருடம் முந்தி, பொள்ளாச்சியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் நன்றாக இருந்தான், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தான், எதற்கு இரண்டு என்று கேட்க வேண்டும்போல இருந்தது, கேட்கவில்லை. ஊருக்குப் போய்ப் பேசிட்டு ஆகட்டுமுங்க என்று எழுந்து போனார்கள். அப்பா பம்ப் கம்பெனியில் ஃபிட்டர், ஷிஃப்ட் முடிந்து வந்து குளிக்காமல்கூடப் போன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஒரு வாரம். இரண்டாவது வாரம் ரிசீவரை எடுத்து எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார், லைன் இருக்கிறதா என்று. "லைன் சரியாத்தான் இருக்கு" என்று அம்மாவிடம் சொல்வார். அந்த ரிசீவரை அவர் திரும்ப வைக்கும்போது ஒரு சத்தம் வரும், ரொம்ப மெல்ல, கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதுபோல வைப்பார். அந்தச் சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதினைந்தாவது நாள் நானே போய்ச் சொன்னேன்: "அப்பா, பேசலைன்னா வேண்டாம்னு அர்த்தம்ப்பா. போயிக் குளிங்க." அப்பா என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் குளித்தார். பதினைந்து என்ற எண் பொன்னுச்சாமியின் நோட்டிலிருந்து வந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் எந்த நாளையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, சில பெயரைப் பத்து நாளில் அடிப்பார், சிலதை ஒரு மாதம் வைத்திருப்பார், குடும்பத்தைப் பார்த்து, பெண்ணின் வயதைப் பார்த்து, அதை எப்படிப் பாகமாக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பதினைந்து என் எண். அதற்குப் பிறகு வேறொருவர் பெண் பார்க்க வந்தார், காபியைக் குடித்து முடிப்பதற்குள் சரி என்றார், இருபது வருடமாக அவரோடுதான் இருக்கிறேன், குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பொள்ளாச்சிக்காரி, பேச்சோடு பேச்சாக, உங்களைப் பார்த்துட்டுப் போனாங்களே, பெண் வீட்டிலிருந்து முதலில் பேசட்டும் என்று அவர்கள் மாதக்கணக்கில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களே, ஏன் நீங்கள் பேசவே இல்லை என்று கேட்டாள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே ஆபீசுக்கு வந்து அந்த எண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவே இல்லை. தன் வாழ்க்கையில் தப்பாகிப்போனதும் தான் எழுதிவைத்ததும் ஒன்றே என்று யாருக்குத்தான் தோன்றும்.

தோன்றியிருந்தாலும் செய்திருப்பேனா. அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. மண்டபத்துக்குப் பிறகு பைக் ஷோரூம், புது மாடல் வண்டிக்குக் காத்திருப்பவர்கள். பிறகு ஒரு பள்ளிக்கூடம், எல்.கே.ஜி. அட்மிஷன். பிறகு அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துமிடம். ஒரு வரிகூட மாற்றாமல் ஒன்பது இடத்தில் ஓடுகிறது. ஜெகன் சார் வாடிக்கையாளர்களிடம் போய், "ஒரே மாவுங்க, இட்லியும் ஊத்திக்கலாம், தோசையும் ஊத்திக்கலாம், மிச்சமிருந்தா பணியாரம்" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், மாவு அரைத்தவள் என்று என்னைக் காட்டுவார். பெருமைதான், இல்லை என்று சொன்னால் பாவம். ஒரு தடவை செய், எங்கும் பொருத்து, அதுதான் எங்கள் தொழிலில் மோட்சம். அப்பாவிடம் ஒருமுறை இதை விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, ஒரு மாடல் பம்பின் வாஷரை இன்னொன்றில் போட்டால் அன்றைக்கு ஓடும், ஒழுகுவது மெதுவாகத்தான் தெரியும் என்றார். நான் வாஷரைச் சொல்லவில்லையப்பா, இது மனிதர்கள் நினைக்கும் விதம் என்று சொன்னேன். என்ன திமிர் எனக்கு. ஒன்பதாவது இடம் இந்த இல்லம். அங்கே நான் போகவே இல்லை. போய் உட்கார்ந்து கேட்கிற வழக்கமெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது, பாகம்தான் தயாராக இருக்கிறதே, எதற்குப் போவது. யாரோ ஒரு பையன் இரண்டு நாளில் பொருத்திவிட்டு வந்தான். இல்லத்தில் அதற்கு முன்னால் ஒரு நோட்டு இருந்ததாம். பொறுப்பாளர் மரியபுஷ்பம் சிஸ்டர் அந்த நோட்டில் ஒரு பெயரையும் அடித்ததில்லையாம். அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. மெசேஜ்கூட மண்டபத்துக்கு எழுதியதுதான், ஆங்கிலத்தில், வேண்டுமென்றால் ஒய் என்ற எழுத்தைப் பதிலாக அனுப்பவும் என்று. பைக் வாங்க நிற்கும் பையன் அனுப்பிவிடுவான். அழுத பிள்ளைக்குத்தான் பால், வாயுள்ள பிள்ளை பிழைக்கும், எல்லாம் நம் பழமொழிதான், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இந்த மூன்று வருடத்தில் அங்கே மூன்று கட்டில் காலியாகியிருக்கிறது. மூன்றாவது போன தை மாதம். அது இந்தச் சிவப்பிரகாசத்துக்கு உரியது. அதை வாங்கிக்கொண்டது பதிந்து எட்டே மாதமான ஒரு பெயர், அப்பா கம்ப்யூட்டர் இன்ஜினியர், மெசேஜ் வந்த நிமிடமே ஒய் என்று பதில் போட்டிருக்கிறார். எட்டு மாதத்தில் இடம் கிடைக்கிற இல்லமா இது என்று சிஸ்டருக்குச் சந்தேகம் வந்து, பழைய நோட்டை எடுத்துப் பார்த்து எங்களைக் கேட்டதால்தான் இந்த இரண்டு மணிக் கூட்டம்.

மணி ஒன்று நாற்பது. எண்ணை அழுத்தி, ஒரு மணி அடிப்பதற்குள் கட் பண்ணிவிட்டேன். பயம்தான், வேறென்ன. அவர் எடுத்து, ஆமாம், நாங்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் நான் என்ன சொல்வேன். கூட்டத்தில் தப்பு எங்களுடையது என்று சொன்னால் மற்ற எட்டு இடத்துக்காரர்களும் கேட்பார்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள் முதலில் கேட்பார்கள், அவர்கள் போனால் இந்த மாடியே போய்விடும். இங்கே முப்பத்தாறு பேர் வேலை செய்கிறோம். ஷாகுலின் மனைவிக்கு ஏழாவது மாதம், அவன் இந்தக் காகிதத்தை அச்சடிக்காமலே இருந்திருக்கலாம், அவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அச்சடித்துவிட்டு அவன் நிம்மதியாகச் சாப்பிடப் போய்விட்டான், இப்போது அது என் மடியில். மைக்ரோவேவ் முன்னால் இரண்டு பேர்தான் பாக்கி. ஏ.சி. காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிறது, விரல் நுனியெல்லாம் சில்லிட்டிருக்கிறது. கூப்பிடாவிட்டால்தான் என்ன. கூப்பிடாமல் போய் வாக்கியத்தைச் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். கூப்பிட்ட பிறகு சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும். அப்படியானால் கூப்பிடாமலே இருந்துவிடு என்று என் புத்தி எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் திரும்ப அழுத்திவிட்டது. இந்தத் தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது, எட்டு, ஒன்பது, எடுக்க மாட்டார்கள், நல்லது, எடுக்க வேண்டாம்.

"அலோ, ஆருங்க?" ஒரு வயதான அம்மாள். பின்னால் ஏதோ பாட்டு ஓடி நின்றது, கூடவே ஒரு பெரிய ஆண் குரல் ஆ, ஆ என்று கோபமாக முறையிட்டது. "இருடா சாமி, பேசிட்டுத் தாறேன்." நான் இல்லத்து விஷயமாகப் பேசுகிறேன் என்றேன். பிறகு, "சொல்லுங்க அம்மணி" என்றாள், குரல் கீழே இறங்கியிருந்தது. நாச்சிமுத்து ஐயா இருக்காங்களா? "அவிய போயி ஒன்றரை வருசமாச்சுங்க. நான் ஊட்டுக்காரி, தெய்வாத்தாள். இது அவிய போனுதான். பிரகாசு இதுல பாட்டுக் கேப்பான், அதுக்குன்னு வெச்சிருக்கறனுங்க." இதில் மெசேஜ் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு வந்துட்டேதான் இருக்குது. லோனு வேணுமா, நெலம் வேணுமான்னு வருதாமா, பக்கத்தூட்டுப் புள்ள சொல்லுச்சு. எனக்கெங்கீங்க படிக்கத் தெரியுது." பிறகு நான் கேட்கத் தயாரித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன், குரலில் குற்றம் சாட்டுகிற மாதிரி வந்துவிட்டது: இத்தனை வருஷமா ஒரு தடவைகூட நீங்க கூப்பிட்டுக் கேக்கலையேம்மா, ஏங்க? "எப்படிங்க கேக்கறது? எடம் ஆச்சான்னு கேட்டா, அங்க ஒரு கொழந்தை போயிருச்சான்னு கேக்கறதுதானுங்களே. அவிய ஒருக்கா கேட்டுப்போடறேன்னு போன எடுத்தாங்க. நாந்தான் புடுங்கி வெச்சேன். அங்க இருக்கறதும் ஒருத்தி பெத்ததுதானுங்க. அது எப்பப் போகும்னு நாம போனு போட்டு விசாரிக்கறதுங்களா? சிஸ்டருக்குத் தெரியும், எங்க பேரு நோட்டுல இருக்குது, முறை வந்தாக் கூப்பிடுவாங்கன்னு இருக்கறமுங்க." இருக்கறமுங்க. நான் காகிதத்தைப் பார்த்தேன். நாற்பத்தொரு பேர், எல்லோருமே இதற்காகத்தான் பேசாமல் இருந்திருப்பார்களா, மரியாதைக்காக, கூச்சத்துக்காக, வேறொருத்தியின் பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்பதற்காக, எனக்குத் தெரியவில்லை, ஒன்று போதும். அழாத பிள்ளைகளின் அழாத அம்மாக்கள். வெட்கமாக இருந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள், போனை எடுத்தாயிற்று, கேட்பது இனி தப்பில்லை என்று நினைத்தாளோ என்னவோ. "எனக்கு முட்டி ஆவறதில்லீங்க, எழுவது ஆச்சு. அவன் ஆறடி. குளிக்க வெக்கறதுக்குள்ள உசுரு போயிருது. போன வாரம் பாத்ரூம்புல ரெண்டு பேரும் உளுந்துட்டமுங்க. பொழுதுக்கும் அப்படியே கெடந்தோம். பால்காரரு வந்துதான் தூக்கி உட்டாரு. அவன் நாங்க வெளையாடறோம்னு நெனச்சுச் சிரிச்சுட்டே கெடந்தான்." பிறகு ரொம்பத் தயங்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க, எங்களுக்கு முன்னால எத்தன பேருங்க இருக்காங்க?" என்றாள். யாரும் இல்லையம்மா, நீங்களும் இல்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "ஒருத்தர்தானுங்க" என்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, நிஜமாகவே தெரியாது. "ஒருத்தரா" என்றாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரிங்க. அவசரமில்லீங்க அம்மணி. அங்க இருக்கற புள்ளைகெல்லாம் நல்லாருக்கட்டும். மெதுவாவே ஆகட்டுமுங்க."

இரண்டு மணிக் கூட்டத்தில் நான் ஜெகன் சாரின் வாக்கியத்தைச் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். திரையில் மரியபுஷ்பம் சிஸ்டரின் களைத்த முகம், மேஜையின் ஒரு முனையில் ஜெகன் சார், சுவரோரம் ஷாகுல். நான், இது தப்பான வடிவம், பதில் சொல்லாதவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று நான் முடிவு கட்டியது தப்பு, நாற்பத்தொரு பேரையும் அவரவர் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்றேன். ஷாகுல் தலையைக் குனிந்துகொண்டான். ஜெகன் சார் முகத்தில் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. "மேடம் சொல்றது என்னன்னா சிஸ்டர், அடுத்த வெர்ஷன்ல இதை ஒரு செட்டிங்கா குடுத்துடலாம்னு. வேணுங்கறவங்க ஆஃப் பண்ணி வெச்சுக்கலாம்." நான் அதைச் சொல்லவில்லை என்று சொன்னேன், ஆனால் அதற்குள் அது குறிப்பேட்டில் ஏறிவிட்டது. பிறகு சிஸ்டர் கேட்டார். "பழைய எடத்துல வெக்கறதுன்னா இப்ப முன்னால இருக்கறவங்க பின்னால போகணும் மேடம். போன வாரம் ஒரு அம்மாவ வரச்சொல்லி, அடுத்தது உங்க பொண்ணுதான்னு என் வாயால சொன்னேன். அந்தம்மாவுக்குக் கேன்சர். டாக்டர் நாள் குறிச்சுட்டாரு. அவங்ககிட்டப் போயி நான் என்னன்னு சொல்லட்டும்?" அவர் சண்டை போடவில்லை, நிஜமாகவே கேட்டார், யாராவது சொல்லுங்கள் என்கிற மாதிரி. என் நான்கு கேள்வியில் இதற்கு இடம் இல்லை, எந்தப் பாகத்திலும் இருக்காது. யார், எதற்காக, எப்போதிலிருந்து, இதெல்லாம் சரி, யாருடைய காத்திருப்பு பெரியது என்று கேட்டால் எங்கே போய் உட்கார்ந்து யாரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வருவது. கடைசியில் டிரஸ்டிகளைப் போனில் கேட்டு சிஸ்டரே சொன்னார், நாற்பத்தொரு பேரையும் பட்டியலின் கடைசியில் சேர்ப்பது, பழைய வரிசைப்படி. சிவப்பிரகாசத்துக்கு அறுபத்தொன்று. வருடத்துக்கு ஒரு கட்டில். அம்மாவுக்கு எழுபது வயது. பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் பெருக்கிவிட்டேன், பழக்கதோஷம். ஒவ்வொருவரையும் இன்றைக்கே போனில் கூப்பிட்டு, புது எண்ணைச் சொல்லி, சரிதானா என்று வாய்வழியாகக் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும், இனிமேல் மெசேஜை நம்ப வேண்டாம் என்பது முடிவு. "மேடமே பேசட்டும், அவங்களுக்குத்தான் விஷயம் தெரியும்" என்றார் ஜெகன் சார். சிஸ்டர் கைகூப்பினார். திரை அணைந்தது.

முதல் பெயரைக் கூப்பிட்டேன், எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதை எடுத்தவர், அவன் போன வருஷமே இறந்துட்டானுங்க, அவனுக்கு எதுக்கு இனி இடம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இரண்டுக்கும் நேராகக் குறித்துக்கொண்டேன். மூன்றாவதற்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். அம்மா, நான் அப்போது சொன்னது தப்பு. அம்மா, ஒரு சின்னக் குழப்பம். அம்மா, ஒருத்தர் இல்லை, அறுபது பேர். அறுபது என்று சொல்லும்போது எந்தக் குரலில் சொல்வது, மெதுவாகவா, சட்டென்றா. எப்படிச் சொன்னாலும் அவள் சரிங்க என்றுதான் சொல்வாள், அதுதான் தாங்க முடியாது, திட்டினால்கூடப் பரவாயில்லை, சரிங்க, அவசரமில்லீங்க என்பாள், நான் சம்மதம் என்று பதிந்துகொள்வேன். யோசித்துக்கொண்டே அழுத்திவிட்டேன். இந்தத் தடவை ஒரே மணிதான் அடித்தது. பாட்டு இல்லை, பிரகாசின் குரல் இல்லை. நான் அம்மா என்று ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு மூச்சு உடைந்தது.

"ஐயோ, அதுக்குள்ளயா அம்மணி?" தெய்வாத்தாள் அழுதுகொண்டிருந்தாள். "எந்தக் கொழந்தைங்க போயிருச்சு?"